கதைக்கும் கணக்குக் கேட்டவர்கள்

“நிலைக்காது! வளைய உலகம் நிலைக்காது!”

1971ஆம் ஆண்டு, செப்டம்பர்த் திங்கள். அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரிலே ஓர் ஓட்டலின் நடைவழிகளில் எழுந்தது இந்த முழக்கம். முழங்கியவர்கள் மாணவர்கள். வியட்நாமிலே குண்டுமாரி பொழிந்துகொண்டிருந்த காலம் அது. கல்லூரிதோறும் கொதிப்பு மிகுந்திருந்த காலம். ஆகவே, நிக்சன் ஆட்சி நிலைக்காது என்றுதான் நெடுஞ்சாண்கிடையாக உறங்கும் ஆதிக்கக்காரர் செவியிலே ஓதினர் போலும் என்று எண்ணத் தோன்றும். இல்லை, தோழர்களே! அவர்கள் நிலைக்காது என்று சொன்னது ஒரு கதையிலே வரும் உலகத்தை!

கதையின் பெயர் ‘ரிங்வேர்ல்டு’. எழுதியவர் லாரி நிவன். முந்திய ஆண்டுதான், 1970இல், நூலாக வந்தது. முழக்கம் எழுந்த அதே மாநாட்டிலே, உலக விஞ்ஞானக் கதை வாசகர்களின் மாநாட்டிலே, அந்த நூலுக்குத்தான் ஹியூகோ பரிசு அளிக்கப்பட்டது. மேடையிலே பரிசு, நடைவழியிலே ‘நிலைக்காது’ என்ற முழக்கம்! முழங்கியவர்கள் அந்த ஆசிரியரின் பகைவர்களோ எனில், அன்று. அந்நூலை வரிவரியாகப் படித்தவர்கள், படித்ததோடு நில்லாமல் தாளும் எழுதுகோலும் எடுத்துக் கணக்குப் போட்டும் பார்த்தவர்கள். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகம், சுருக்கமாக எம்.ஐ.டி., அதன் மாணவர்கள்.

இப்படி ஒரு வாசகர் கூட்டம் திடீரென்று முளைத்துவிடாது. அதற்கு மண் வேண்டும், உரம் வேண்டும், பல்லாண்டு உழவு வேண்டும். அந்த உழவின் வரலாறுதான் எம்.ஐ.டி. விஞ்ஞானக் கதை மன்றத்தின் வரலாறு.

1949இல் தோன்றியது அம்மன்றம். நமக்கும் மறக்கவொண்ணாத ஆண்டு. ராபின்சன் பூங்காவில் மழையிலே ஒரு கழகம் பிறந்த ஆண்டு. குரோம்பேட்டையிலே நம்முடைய எம்.ஐ.டி. தொடங்கப்பட்டதும் அதே 1949இல்தான். இவற்றிடையே தொடர்பு ஏதும் இல்லை. ஆண்டு ஒன்று, அவ்வளவே. எனினும், ஒரே ஆண்டிலே உலகின் வெவ்வேறு மூலைகளில் இளைஞர்கள் கூடி என்னென்ன செய்தார்கள் என்று எண்ணிப் பார்ப்பதிலே ஒரு சுவை இருக்கத்தான் செய்கிறது.

அங்கே கூடியவர்களுக்கு இருந்த கவலை விந்தையானது. பழைய இதழ்கள் பொடிப்பொடியாக உதிர்கின்றனவே, என்ன செய்வது என்ற கவலை! ‘அஸ்டவுண்டிங்’ என்றொரு மாத இதழ். 1930 முதல் வெளிவந்தது. மலிவுத்தாளிலே அச்சிட்ட இதழ். மரக்கூழை நன்கு தூய்மைப்படுத்தாமல் செய்யப்படும் அந்தத் தாளிலே, மரத்தின் லிக்னின் என்ற பொருள் தங்கிவிடும், அமிலமும் சேர்ந்திருக்கும். காற்றும் ஒளியும் பட்டால் பழுக்கும், பழுத்தபின் ஒடியும், பத்துப் பதினைந்து ஆண்டுகளிலே பக்கத்தைப் புரட்டினால் அப்பளம்போல் நொறுங்கும். பேரறிஞர்களின் நூல்களைக் காக்க நூலகங்கள் இருந்தன. காசுக்கதை இதழை யார் காப்பார்? குப்பை என்றனர் கல்விமான்கள். குப்பைத் தொட்டிக்குத்தான் போயின பெரும்பாலான படிகள். அவற்றை மைக்ரோபிலிம் என்னும் நுண்படச் சுருளிலே பதிந்து காக்க வேண்டும் என்று ஒரு மாணவர் முனைந்தார். அந்த முயற்சிக்கு ஒரு மன்றம் தேவைப்பட்டது. இப்படிப் பிறந்தது சங்கம்!

காக்கத் தகுந்ததுதானா அந்த இதழ் என்று கேட்கலாம். கேட்க வேண்டியதுதான். 1944ஆம் ஆண்டு மார்ச்சு இதழிலே கிளீவ் கார்ட்மில் என்பவர் ‘டெட்லைன்’ என்றொரு கதை எழுதினார். கதை சுமார்தான். ஆனால், அதிலே யுரேனியத்தைக் கொண்டு செய்யும் அணுகுண்டு வருகிறது! ஹிரோஷிமாவுக்கு ஓராண்டுக்கு மேல் முந்தி! அமெரிக்க அரசு எவருமறியாமல் அணுகுண்டு செய்துகொண்டிருந்த வேளை. இரகசியம் வெளியேறிவிட்டதோ என்று இராணுவ உளவுத்துறையினர் இதழ் அலுவலகத்துக்கே வந்துவிட்டனர். ஆசிரியர் ஜான் காம்ப்பெல் அமைதியாகச் சொன்னார்: எல்லாம் முன்பே அச்சான விஞ்ஞானக் கட்டுரைகளிலே இருப்பவைதாம் என்று. உளவும் இல்லை, ஞானதிருஷ்டியும் இல்லை. படிப்பு இருந்தது, படித்ததை மேலும் ஒரு படி நீட்டிப் பார்க்கும் துணிவு இருந்தது. தந்தை பெரியாரின் ‘இனிவரும் உலக’த்தைப் படித்த நம் இளைஞர்களுக்கு இந்த முறை புதிதன்று. கம்பியில்லாத் தந்திக் கருவி ஒவ்வொருவர் பையிலும் இருக்கும் என்று அவர் சொன்னது சோதிடம் பார்த்தா? இருப்பதைக் கண்டு, அது செல்லும் திசையைக் கணித்து!

காம்ப்பெல்லைப் பற்றி ஒரு செய்தி. அவரும் எம்.ஐ.டி.யிலே பயின்றவரே. 1928இல் சேர்ந்தார், ஜெர்மன் மொழித் தேர்விலே தவறினார், பட்டம் பெறாமலே 1931இல் வெளியேறினார், பின்னர் வேறொரு பல்கலைக் கழகத்திலேதான் பட்டம். எந்தக் கழகம் வேண்டாமென்று அனுப்பியதோ, அந்தக் கழகத்து மாணவர்களே அவர் நடத்திய இதழைச் சேகரித்துப் பாதுகாக்க மன்றம் அமைத்தனர். வேடிக்கைதான்!

மன்றம் வளர்ந்தது. சுருளிலே பதிப்பதோடு நிற்கவில்லை. ஆங்கிலத்தில் அச்சேறும் விஞ்ஞானக் கதை எதுவாயினும் தன் அலமாரியிலே இருக்க வேண்டும் என்று உறுதி பூண்டது. நல்லது, கெட்டது என்று பிரிக்கவில்லை. பிரிக்கும் வேலை படிப்பவனுடையது, திரட்டும் வேலை நம்முடையது என்றனர். 1965இல் திறக்கப்பெற்ற மாணவர் மாளிகையின் நான்காம் தளத்திலே அந்நூலகத்துக்கு இடம் கிடைத்தது. பின்னாளில் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட நூல்களும் இதழ்களும் சேர்ந்தன. பூட்டி வைத்த பொக்கிஷமாக அன்று! அலமாரியைத் திறந்து, கையால் எடுத்து, அங்கேயே அமர்ந்து படிக்கத்தக்க திறந்த நூலகமாக. நடத்தியவர்கள் ஊதியம் பெறும் நூலகர்கள் அல்லர். மாலை வேளையிலே வகுப்பு முடிந்து வந்த மாணவர்கள்.

நம் ஊர்ப் படிப்பகங்களை அறிந்தவர்க்கு இது எளிதில் விளங்கும். கீற்றுக் கொட்டகை, ஒரு மேசை, நான்கு நாற்காலி, சுவரிலே தலைவர் படம், காலையிலே வந்து விழும் ஏடுகள். ஆனால், அவற்றிலே எத்தனை படிப்பகங்கள் பழைய ஏடுகளைக் கட்டிக் காத்தன? திராவிட இயக்க ஏடுகளின் பழம் படிகளைத் தேடி அலைந்தோர் அறிவர் அந்த வேதனையை. செல்லரித்தவை போக, எடைக்குப் போனவை போக, மீந்தவை எவ்வளவு? காசுக்கதை இதழுக்கு அந்த மாணவர்கள் காட்டிய அக்கறையிலே கால்பங்கு நாம் காட்டியிருந்தால்... சரி, அது வேறு கதை.

மன்றத்தாருக்கு ஒரு முழக்க மொழி உண்டு: “நாங்கள் ரசிகர்களல்லர், படிப்பவர்கள், அவ்வளவே.” ரசிகர் மன்றங்கள் மலிந்த நாட்டிலே வாழும் நாம் இந்த ஒரு வரியைச் சற்று நேரம் நின்று பார்க்கலாம். ரசிகன் கைதட்டுகிறான், படிப்பவன் பக்கத்தைப் புரட்டுகிறான். ரசிகனுக்கு நாயகனிடம் குறை சொன்னால் கோபம் வருகிறது. படிப்பவனோ குறையைத் தானே தேடிப் பிடிக்கிறான்!

பதவிகளையும் அவர்கள் விளையாட்டாகவே வைத்துக்கொண்டனர். பொருளாளருக்கு அவர்கள் சூட்டிய பட்டம் என்ன தெரியுமா? ‘மாண்புமிகு கையாடல் பிரபு’ என்று தமிழிலே சொல்லலாம்! பொறுப்பிலே இருப்பவன் கணக்கை நாங்கள் பார்த்துக்கொண்டே இருக்கிறோம் என்பதை இதைவிட நயமாகச் சொல்ல முடியுமோ! மாலையும் பொன்னாடையும் மலைபோல் குவியும் நம் மேடைகளுக்கு இந்த வழக்கம் வந்தால் எத்தனை பொருளாளர்கள் பதவிக்குப் போட்டியிடுவர் என்பது ஆராயத்தக்கது.

இனி, கணக்குக்கு வருவோம். நிவனின் வளையம் முதல் கணக்கன்று. அதற்கு முன்பே ஒரு கோள் சிக்கியது அவர்களிடம்.

ஹால் கிளமென்ட் என்ற புனைபெயரிலே எழுதியவர், பாஸ்டனை அடுத்த மில்டன் என்னும் ஊரிலே பள்ளிப் பிள்ளைகளுக்கு விஞ்ஞானம் கற்பித்த ஆசிரியர். ஹார்வர்டிலே வானநூல் பயின்றவர். இரண்டாம் உலகப் போரிலே குண்டுவீச்சு விமானம் ஓட்டியவர். 1953இல் ‘அஸ்டவுண்டிங்’ இதழிலே தொடர்கதையாக ‘மிஷன் ஆப் கிராவிட்டி’யை எழுதினார். அதிலே மெஸ்க்லின் என்றொரு கோள். வியாழனைவிடப் பன்மடங்கு பொருள் நிறைந்தது. அவ்வளவு பெரிய பொருள், ஏறத்தாழ 18 நிமிடத்துக்கு ஒருமுறை தன்னைத் தானே சுற்றுகிறது! ஒரு பகலும் இரவும் சேர்ந்து 18 நிமிடம். அந்த வேகத்திலே கோள் உருண்டையாக இருக்குமா? நடுவிலே பிதுங்கி, துருவங்களிலே அமுங்கி, தட்டையான ஆப்பம்போல் ஆகிவிட்டது. நடுக்கோட்டிலே நின்றால் நம் எடை மும்மடங்கு. துருவத்திலே நின்றால் எழுநூறு மடங்கு! அந்த உலகிலே கப்பலோட்டும் சின்னஞ்சிறு பூரான் வடிவ உயிர்கள், ஓரடி உயரத்திலிருந்து விழுவதென்றாலே உயிர் நடுங்குகின்றன. மீத்தேன் கடலிலே அவர்களின் பயணம்தான் கதை.

கதை முடியுமுன்பே, 1953 ஜூன் இதழிலே, கிளமென்ட் ஒரு கட்டுரையும் எழுதினார். அது மிக முக்கியமானது. இந்தக் கோளை நான் எப்படிச் செய்தேன் என்று விளக்கினார். எந்த விண்மீனைச் சுற்றுகிறது (அன்னக் கூட்டத்து 61ஆம் விண்மீன்), எவ்வளவு எடை, எவ்வளவு வேகம், எல்லாவற்றையும் விரித்துரைத்தார். அதோடு, இது ஆசிரியனுக்கும் வாசகனுக்கும் இடையே நடக்கும் ஒரு பந்தயம் என்றார். இன்றைய விஞ்ஞானத்தோடு என் கதை எங்கே முரண்படுகிறது என்று கண்டுபிடிப்பது உங்கள் ஆட்டம், முரண்படாமல் எழுதுவது என் ஆட்டம், ஆடிப் பார்ப்போம் வாருங்கள் என்று அழைத்தார்!

அழைப்பை ஏற்றனர் எம்.ஐ.டி. மன்றத்தார். கணக்கிட்டனர். முடிவு வந்தது: ஐயா, உங்கள் கோள் நீங்கள் சொன்னபடி ஆப்பமாக இராது, அவ்வளவு வேகத்திலே சுழன்றால் நடுக்கோடு வட்டமாகப் பிதுங்கி நில்லாது, கத்தி முனைபோல் கூர்மையாகிவிடும்! துருவத்திலே 700 மடங்கு என்றதும் மிகை. உண்மை மதிப்பு அதிலே பாதிக்கும் குறைவு என்று பின்னாளில் கணிப்பொறிக் கணக்குகள் காட்டின. அந்த எண்களைக் கிளமென்ட் கணித்தது கையடக்கச் சறுக்குக்கோலைக் கொண்டு. தவறு வெளிப்பட்டதற்காக அவர் முகம் சுளிக்கவில்லை. தானே அதை மகிழ்வோடு ஊருக்குச் சொல்லிவந்தார். பந்தயத்திலே தோற்ற ஆசிரியன். ஆனால், பந்தயம் நடந்ததே என்ற மகிழ்ச்சி.

இதிலே இன்னொரு சுவை. 61ஆம் விண்மீனுக்குக் கண்ணுக்குப் புலப்படாத ஒரு பெருந்துணைக் கோள் இருப்பதாக 1943இல் ஒரு வானநூலார் அளந்து கூறியிருந்தார். அதை நம்பித்தான் மெஸ்க்லின் பிறந்தது. பிற்கால அளவைகள் அந்தத் துணைக் கோளே இல்லை என்று தள்ளிவிட்டன. கதாசிரியன் கணக்கை மாணவன் திருத்தினான். விஞ்ஞானியின் கணக்கைப் பின்வந்த விஞ்ஞானி திருத்தினான். யார் தலையும் உருளவில்லை. யாரும் நாத்திகர் என்று தூற்றப்படவில்லை.

அந்தப் பழக்கத்தோடு வளர்ந்த வளாகத்து மாணவர் கையிலேதான் 1970இல் ‘ரிங்வேர்ல்டு’ கிடைத்தது. நிவனின் கற்பனை பிரம்மாண்டமானது. ஒரு சூரியனைச் சுற்றிலும், நம் பூமி இருக்கும் அதே தொலைவிலே, ஒரு மாபெரும் வளையம். சுற்றளவு ஏறத்தாழ 96 கோடி கிலோமீட்டர். அகலம் 16 லட்சம் கிலோமீட்டர். வளையத்தின் உட்புறத்திலே மலை, கடல், காடு, மக்கள். நொடிக்கு 1,200 கிலோமீட்டருக்கு மேல் சுழல்வதால், உட்புறத்தில் நிற்பவர்க்கு நம் மண்ணிலே நிற்பதுபோன்ற எடை. படிக்கப் படிக்க மலைப்பு!

மலைத்து நிற்கவில்லை மாணவர். கேட்டனர் ஒரு கேள்வி: அந்த வளையம் ஒரு முழம் நகர்ந்தால் என்னாகும்? கோள் ஒன்று சூரியனைச் சுற்றி விழுந்துகொண்டே இருக்கிறது. அதன் ஓட்டமே அதைக் காக்கிறது. வளையமோ அப்படி அன்று. அது நடுவிலே சூரியனை வைத்துக்கொண்டு தன்னைத் தானே சுற்றும் ஒரே திண்மப் பொருள். எல்லாப் பக்கமும் சரிசமமாக இழுபடும்வரை நிற்கும். இம்மியளவு ஒருபுறம் சாய்ந்தாலோ, சூரியனுக்கு அருகே வந்த பகுதி கூடுதலாக இழுபடும். இழுபட்டதால் மேலும் அருகே வரும். வந்ததால் இன்னும் கூடுதலாக இழுபடும். ஊசிமுனையிலே நிறுத்திய கோல் சாய்வதுபோல், கடைசியில் வளையமே சூரியனிலே போய் மோதும். ஆகவே, நிலைக்காது!

இது மாணவர்கள் புதிதாகக் கண்டதும் அன்று. சனிக் கோளின் வளையங்களைப் பற்றி ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் லாப்லாஸ், 18ஆம் நூற்றாண்டின் இறுதியிலேயே, எங்கும் ஒரே சீரான திண்ம வளையம் நிலையாது என்று காட்டினார். (உம்முடைய நூலிலே கடவுள் எங்கே என்று நெப்போலியன் கேட்டபோது, அந்தக் கருதுகோள் எனக்குத் தேவைப்படவில்லை என்று விடையிறுத்ததாகச் சொல்லப்படுபவர் இவரே.) பின்னர் மாக்ஸ்வெல், 1859இல் அச்சான கட்டுரையிலே, சனியின் வளையம் எண்ணற்ற சிறு துண்டுகளின் கூட்டமாகத்தான் இருக்க முடியும் என்று நிறுவினார். நூறாண்டுக்கு முந்திய பாடத்தை மறவாத மாணவர், பரிசு பெற்ற கதையின் மேல் அதை வைத்துப் பார்த்தனர், அவ்வளவே.

வேறு இடங்களிலும் கணக்குப் போட்டனர். ஃப்ளோரிடாவிலே உயர்நிலைப் பள்ளி வகுப்பொன்று, வளையத்தின் மேல்மண் முழுதும் சில ஆயிரம் ஆண்டுகளிலே கடலுக்குள் சரிந்துவிடும் என்று கண்டது. முதற் பதிப்பின் தொடக்கத்திலேயே வேறொரு பிழை: தன் பிறந்தநாளை நீட்டிக்க விரும்பும் நாயகன், நள்ளிரவுக்கு முன்னே ஊர் ஊராகத் தாவுகிறான், கிழக்கு நோக்கி! மேற்கு நோக்கியல்லவா தாவ வேண்டும்? பின்வந்த பதிப்புகளிலே திசை திருத்தப்பட்டது. பிழையுள்ள அந்த முதற்பதிப்புக்கு இன்று சேகரிப்போரிடையே விலை அதிகம்!

நிவன் என்ன செய்தார்? ‘பிரபல எழுத்தாளன் நான், பரிசு பெற்றவன், பாலகர்களே, வாயை மூடுங்கள்’ என்றாரா? இல்லை. 1980இல் இரண்டாம் நூல் வந்தது, ‘ரிங்வேர்ல்டு எஞ்சினியர்ஸ்’. வளையம் நிலையற்றது என்பதையே அந்தக் கதையின் கருவாக்கினார். விளிம்பு நெடுக, வளையத்தைத் தள்ளி நிலைநிறுத்தும் பொறிகள் இருந்தன. பின்வந்தோர் அவற்றைப் பெயர்த்துத் தம் கலங்களுக்குப் பூட்டிக்கொண்டனர். எனவே, வளையம் சூரியனை நோக்கிச் சாய்கிறது என்று கதை கட்டினார். மாணவர் முழக்கத்தை நூலின் முகப்பிலே அவரே எழுதியும் வைத்தார்.

நம் பக்கம் திரும்பிப் பார்ப்போம். பூமியைப் பாயாகச் சுருட்டி எடுத்துக்கொண்டு கடலுக்குள் ஒளிந்தான் இரணியாட்சன் என்று நமக்கும் ஒரு கதை சொல்லப்பட்டது. பூமியையே சுருட்டிவிட்டால் கடல் எங்கே இருந்தது, ஒளிந்தவன் எங்கே நின்றான் என்று கேட்டது நமது இயக்கம். கேள்வி மிக எளிது; ஏழாம் வகுப்பு மாணவன் கேட்கத்தக்கது. கிடைத்த பதில் என்ன? கல்லடி! சொல்லடி! இரண்டும் கற்பனைதான், தோழர்களே. வளையமும் கற்பனை, பாயும் கற்பனை. கற்பனை செய்தது குற்றமன்று. ஒன்றின் ஆசிரியன் கேள்வியை ஏற்று நூலைத் திருத்தினான்; மற்றொன்றைக் காப்பவர்கள் கேட்டவனைத் திருத்த வந்தனர். வேறுபாடு அங்கே இருக்கிறது.

அதற்காக, விஞ்ஞானக் கதை என்றாலே பகுத்தறிவு என்று பட்டயம் எழுதிக் கொடுத்துவிடலாகாது. விஞ்ஞானம் என்ற சொல்லே மூடத்தனத்துக்கு முகமூடியாவதும் உண்டு. அதற்கும் அதே ‘அஸ்டவுண்டிங்’ இதழே சான்று!

1950ஆம் ஆண்டு மே இதழ். மன்றம் பிறந்து ஓராண்டு. அந்த இதழிலே, அதுவரை கதை எழுதிவந்த ரான் ஹப்பர்டு என்பவர், ‘டயனெடிக்ஸ்’ என்ற பெயரிலே கட்டுரையொன்று எழுதினார். கதையாக அன்று, விஞ்ஞானமாக! மனத்திலே பதிந்துகிடக்கும் பழைய வடுக்களை அழித்துவிட்டால் நோய்கள் தீரும், மனிதன் ‘தெளிந்தவன்’ ஆவான் என்றார். ஆசிரியர் காம்ப்பெல் அதைத் தலைமேல் வைத்துக் கூத்தாடினார். தம்முடைய நெடுநாளைய மூக்கடைப்பே தீர்ந்ததாகக் கூறினார். சோதனைச் சாலையிலே மெய்ப்பிக்கப்பட்டதா? இல்லை. சான்று? நம்பியவர் வாக்குமூலமே சான்று! நம் ஊர் விபூதிச் சாமியார் கதையிலே ‘விபூதி’ என்ற சொல்லை எடுத்துவிட்டுக் கிரேக்கச் சொல்லொன்றை வைத்தால் போதும், வேறு மாற்றம் தேவையில்லை. ஓராண்டிலே காம்ப்பெல் அந்த இயக்கத்தைவிட்டு விலகினார். ஹப்பர்டு விலகவில்லை, 1953 டிசம்பரிலே அது ‘சர்ச்’ என்றே பதிவாயிற்று. கதை இதழிலே கட்டுரையாகி, கட்டுரை சிகிச்சையாகி, சிகிச்சை மதமாக நான்காண்டுகள்கூட ஆகவில்லை! மதங்கள் எப்படித் தோன்றியிருக்கும் என்று ஆராய்வோர்க்கு இவ்வளவு அண்மையான, அச்சிலே தேதியோடு அகப்படும் சான்று வேறு கிட்டுவது அரிது.

காம்ப்பெல் ஹப்பர்டைவிட்டு விலகினாரேயன்றி, அந்தப் பழக்கத்தைவிட்டு விலகவில்லை. 1956இல் ஹைரோனிமஸ் பொறி என்ற மனோசக்திக் கருவியைப் போற்றினார், 1960இல் எதையும் பின்னே தள்ளாமல் தானே முன்னேறும் ‘டீன் பொறி’யைப் புகழ்ந்தார், நியூட்டன் விதி என்னாயிற்று என்று இயற்பியல் தெரிந்தோர் கேட்டனர். மார்ட்டின் கார்ட்னர் என்ற எழுத்தாளர் 1952இலேயே டயனெடிக்ஸ் உட்படப் போலி விஞ்ஞானங்களைத் தோலுரித்து நூல் எழுதினார். ஆனால், அதைவிடக் கொடிய பிழை ஒன்று உண்டு. அது சறுக்குக்கோலிலே அகப்படாத பிழை.

விண்கலம் எங்கெங்கோ சென்றது. பத்தாயிரம் ஆண்டு கடந்தது. நட்சத்திரத்துக்கு நட்சத்திரம் தாவியது. கலத்திலே ஏறியவர் யார்? பெரும்பாலும் வெள்ளையர், பெரும்பாலும் ஆடவர். 1963இல், கருப்பர் வெள்ளையர்க்குத் தனித்தனிப் பள்ளிகள் இருக்கலாம் என்று வாதிட்டுத் தலையங்கம் தீட்டினார் காம்ப்பெல். சாமுவேல் டிலேனி என்ற கருப்பின எழுத்தாளரின் ‘நோவா’ (1968) நாவல் தொடராக வெளியிடக் கேட்டு வந்தபோது, கருப்பின நாயகனை நம் வாசகர் ஏற்க மாட்டார் என்று மறுத்தார். டிலேனியே பின்னர் எழுதியிருக்கிறார் இதை. வேற்றுக்கோள் பூரானைக் கப்பல் தலைவனாக ஏற்ற வாசகர், மனிதனை ஏற்க மாட்டாராம்! வருணம் என்ற சொல் அங்கே இல்லை, பொருள் இருந்தது.

காம்ப்பெல் 1971 ஜூலையிலே மறைந்தார். பாஸ்டன் மாநாட்டுக்கு இரண்டே மாதங்களுக்கு முன்பு. அவர் பெயரால் 1973 முதல் புது எழுத்தாளர்க்குப் பரிசு வழங்கப்பட்டது. 2019இல் டப்ளின் நகர மாநாட்டிலே அந்தப் பரிசைப் பெற்ற ஜெனெட் இங் என்ற பெண் எழுத்தாளர், ஹாங்காங்கிலே பிறந்தவர், மேடையிலேயே காம்ப்பெல்லை ‘பாசிஸ்ட்’ என்றார். பரிசை வாங்கிக்கொண்டே! சில நாள்களுக்குள் பரிசின் பெயர் மாற்றப்பட்டது. ‘அஸ்டவுண்டிங் பரிசு’ ஆயிற்று. ஆளின் பெயர் போயிற்று. இதழின் பெயர் நின்றது.

இந்தக் கதையையெல்லாம் இன்று நாம் ஆண்டும் திங்களும் குறித்துச் சொல்ல முடிகிறதே, அதற்குக் காரணம் பட்டியல் போட்டவர்கள். எவர் கண்ணிலும் படாத உழைப்பு அது. 1926 முதல் 1950 வரை வெளிவந்த விஞ்ஞானக் கதை இதழ்களுக்கு டொனால்டு டே என்ற வாசகர் ஒருவர் அட்டை அட்டையாக எழுதி அகரவரிசை தொகுத்திருந்தார். அதற்குப் பின்? எம்.ஐ.டி. மன்றத்தார் எடுத்துக்கொண்டனர் அந்தச் சுமையை. 1951 முதல் 1965 வரை பதினைந்தாண்டு இதழ்களுக்கு, எர்வின் ஸ்ட்ராஸ் தொகுக்க, மன்றத்தின் பெயராலேயே வெளிவந்தது அடுத்த அகரவரிசை. எந்தக் கதை, யார் எழுதியது, எந்த இதழ், எந்தப் பக்கம். இலக்கிய வரலாறு என்று பின்னர் பல்கலைக் கழகங்கள் பெரிதாகப் பேசியதற்கெல்லாம் அடிக்கல் இத்தகைய பட்டியல்களே.

படிப்பு முடிந்தது; பட்டம் பெற்றனர்; ஆனால், பற்று முடியவில்லை சிலருக்கு. மன்றத்திலே பழகியவர் பலர் 1967இல் நியூ இங்கிலாந்து விஞ்ஞானக் கதைச் சங்கத்தைத் தொடங்கினர். மாநாடு நடத்துவது, நூல் வெளியிடுவது, பட்டியலைத் தொடர்வது அதன் பணி. 1971 மாநாடு பாஸ்டனுக்கு வந்ததே அவர்கள் முயற்சியால்தான். தாய் மன்றமோ பழைய வழியிலேயே நின்றது: நாங்கள் ரசிகர்களல்லர், படிப்பவர்கள்.

நான்காம் தளத்து அலமாரிகளிலே கிளமென்டின் கட்டுரை வந்த 1953 ஜூன் இதழும் உண்டு. ஹப்பர்டின் கட்டுரை வந்த 1950 மே இதழும் உண்டு. எதையும் கிழித்தெறியவில்லை அவர்கள். வருகிறவன் எடுத்துப் பார்த்துக்கொள்ளலாம்.